2014 ஸ்விஃப்ட் டீசல், தூத்துக்குடிப் பதிவு: 4.10 லட்சம் கொடுக்கலாமா?

கரிசல்காட்டான் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் கோவில்பட்டி, வேலை தூத்துக்குடியில். போக வர நாளைக்கு 120 கிலோமீட்டர். இதுவரை பஸ்தான். மகள் இந்த ஆண்டு அங்கேயே கல்லூரியில் சேர்ந்திருப்பதால், இருவருமாகக் காரில் போய்வரலாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. கையில் நான்கு லட்சம் வரை இருக்கிறது. கடன் வாங்க விருப்பமில்லை.

தூத்துக்குடியில் ஒரு தரகர் மூலம் மாருதி ஸ்விஃப்ட் இசட்.டி.ஐ. (டீசலில் மேல் ரகம்) ஒன்றைப் பார்த்திருக்கிறேன். 2014 மார்ச் பதிவு, டி.என். 69. ஆர்.சி.யில் ஒரே உரிமையாளர். ஓடோமீட்டர் 84,000 காட்டுகிறது. வங்கிக் கடன் முடிந்து ஆர்.சி.யிலிருந்தும் நீக்கப்பட்டுவிட்டது. முழுக் காப்பீடு 2025 பிப்ரவரியில் புதுப்பித்தது, 2026 பிப்ரவரி வரை இருக்கிறது; ஐ.டி.வி. (பாலிசியில் வண்டிக்குப் போட்ட மதிப்பு) 2.90 லட்சம், என்.சி.பி. (இழப்பீடு கேட்காததற்கான தள்ளுபடி) 20 சதவீதம். கேட்கும் விலை 4.10 லட்சம். பத்தாயிரம் முன்பணம் கொடுத்தால் வேறு யாருக்கும் காட்டாமல் நிறுத்திவைப்பேன் என்கிறார் தரகர்.

வண்டி பார்க்க நன்றாக இருக்கிறது. சீட் கவர், தரை கார்பெட் எல்லாம் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். பானட்டைத் திறந்தால் இன்ஜின் கழுவித் துடைத்ததுபோல் சுத்தம். காலையில் ஸ்டார்ட் செய்தபோது இரண்டு மூன்று விநாடி சங்கிலி உரசுவதுபோல் ஒரு சத்தம் வந்து நின்றுவிட்டது. இடது ஹெட்லைட்டுக்குள் லேசாகப் பனி படிந்திருக்கிறது. மற்றபடி ஏ.சி. நன்றாக வேலை செய்கிறது, ஓட்டிப் பார்த்ததில் இழுவையும் குறையில்லை.

விலை சரியா? அந்தச் சத்தம் என்ன? பத்து வயது தாண்டிய டீசல் வண்டிகளை டெல்லியில் தடை செய்ததுபோல் இங்கும் செய்துவிடுவார்கள் என்று அலுவலகத்தில் பயமுறுத்துகிறார்கள். அதில் உண்மை உண்டா?

மஞ்சனத்தி

டெல்லி பற்றி நீங்களே சொல்லிவிட்டீர்கள். நான்கு லட்சத்தை வைத்துக்கொண்டு 2014 வண்டியை ஏன் பார்க்கிறீர்கள்? டெல்லியில் இதே ஸ்விஃப்ட் டீசல், 2016 மாடல், இங்குள்ள விலையில் பாதிக்குக் கிடைக்கிறது. அங்கே ஓட்ட முடியாதென்று வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். என் மைத்துனர் அப்படித்தான் ஒன்று எடுத்து வந்தார். லாரியில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள்.

பாளை சர்வேயர்

கரிசல்காட்டான் தம்பி, போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள், "என்.சி.பி. 20 சதவீதம்" என்று. என் கண் அங்கேயே நின்றுவிட்டது. நான் மோட்டார் இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். வண்டியைப் பார்ப்பதற்கு முன்பு பாலிசியைப் படித்துப் பழகிவிட்டது.

கணக்கைச் சொல்கிறேன். இழப்பீடு கேட்காமல் ஓராண்டு கழிந்தால் அடுத்த ஆண்டுப் பிரீமியத்தில் சொந்தச் சேதப் பகுதிக்கு 20 சதவீதம் தள்ளுபடி. இரண்டாண்டு கழிந்தால் 25, பிறகு 35, 45, ஐந்தாம் ஆண்டில் 50. அதற்கு மேல் ஏறாது, அங்கேயே நிற்கும். ஒரு முறை இழப்பீடு வாங்கினால் அடுத்த புதுப்பிப்பில் பூஜ்யம். மறுபடி அடியிலிருந்து ஏற வேண்டும். ஒரே கையில் பதினோரு ஆண்டு இருந்த வண்டி, வருடத்துக்கு எட்டாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை என்றால் 50-இல் இருப்பதுதான் இயல்பு. உங்கள் வண்டி 20-இல் இருக்கிறது.

2025 பிப்ரவரியில் 20 என்றால் 2024 பிப்ரவரியில் பூஜ்யம். அப்படியானால் 2023 பிப்ரவரிக்கும் 2024 பிப்ரவரிக்கும் நடுவில் இந்த வண்டிக்கு ஏதோ ஆகியிருக்கிறது. அந்த ஓராண்டில் தூத்துக்குடியில் என்ன நடந்தது என்று கோவில்பட்டிக்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா? 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. மாவட்டம் முழுக்கத் தெருவில் நின்ற கார்கள் நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்தன. புதுக் கார்பெட், புது சீட் கவர், கழுவிய இன்ஜின், பனி படிந்த ஹெட்லைட் இவற்றையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சேர்த்துப் பாருங்கள்.

அதற்காக இப்போதே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. என்.சி.பி. பூஜ்யமாவதற்கு வேறு காரணங்களும் உண்டு. பாலிசி முடிந்து 90 நாளுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் போய்விடும். உரிமையாளர் புதுக் கார் வாங்கியபோது பழைய வண்டியின் என்.சி.பி.யை அதற்கு மாற்றிக்கொண்டிருக்கலாம். அந்தச் சலுகை வண்டிக்கு உரியதன்று, ஆளுக்கு உரியது. சும்மா ஒரு விபத்தாகவும் இருக்கலாம், கதவை மாற்றியிருப்பார்கள். ஆகவே உரிமையாளரிடம் நேரில், தரகர் இல்லாதபோது, மூன்று கேள்வி கேளுங்கள். 2024-இல் பாலிசி எந்தத் தேதியில் புதுப்பித்தீர்கள்? அந்தச் சமயம் வேறு கார் வாங்கினீர்களா? கடைசியாக என்ன இழப்பீடு வாங்கினீர்கள்? முந்தைய இரண்டு ஆண்டுப் பாலிசிகளையும் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

இனி வண்டியிடம் கேட்க வேண்டியவை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை, சுருள் தீரும் வரை இழுங்கள். யாரும் கழுவாத இடம் அது. தண்ணீர் ஏறியிருந்தால் நாடாவின் அடிப்பகுதியில் ஒரு கோடு தெரியும், நுணுக்கமான வண்டல் ஒட்டியிருக்கும். பெல்ட்டின் கீழே தைத்திருக்கும் சீட்டில் தயாரிப்புத் தேதி இருக்கிறது. 2014 வண்டியில் 2024 பெல்ட் இருந்தால் ஏன் மாற்றினார்கள் என்று கேட்கலாம். முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, அது நகரும் இரும்புத் தண்டவாளத்தின் உள்மடிப்பைக் கைவிளக்கடித்துப் பாருங்கள். சீட்டுக்கு அடியில் வரும் வயர் இணைப்பு ஒன்றைக் கழற்றச் சொல்லுங்கள். செம்பில் களிம்பு ஏறியிருந்தால் பச்சையாகத் தெரியும். டிக்கியில் ஸ்டெப்னி டயரைத் தூக்கி, அதன் கிண்ணத்தைத் தடவிப் பாருங்கள். கார்பெட்டை ஒரு ஓரத்தில் தூக்கிப் பார்ப்பதற்கு உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். உங்கள் ஊர்ப் பக்கம் கடல் காற்றாலும் துரு வரும், ஆனால் கடல் காற்று சேசிஸில், கதவடியில், வெளியே துரு ஏற்றும். டாஷ்போர்டுக்குள் இருக்கும் தாங்கிக் கம்பியில் ஏற்றாது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. இசட்.டி.ஐ.யில் ஏர்பேக்கும், திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ்.ஸும் உண்டு. சாவியைப் போட்டதும், இன்ஜின் ஓடுவதற்கு முன்பு, மீட்டர் பலகையில் இந்த இரண்டு விளக்கும் எரிந்து சில விநாடியில் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் பழுது. எரியவே இல்லை என்றால் பழுதை மறைக்க யாரோ விளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள், அது இன்னும் மோசம். ஏர்பேக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டி பொதுவாகக் கியர் கம்பிக்கு அருகே தரையோடு ஒட்டித்தான் இருக்கும். கார்பெட் வரை தண்ணீர் வந்தாலே முதலில் அடிபடுவது அது.

முன்பணம் கொடுக்க வேண்டாம். வேறு ஆள் தூக்கிக்கொண்டு போனால் போகட்டும்.

டெல்லி விஷயம். அங்கே பத்து ஆண்டு டீசல், பதினைந்து ஆண்டு பெட்ரோல் என்று வைத்தது பசுமைத் தீர்ப்பாயத்தின் 2015 ஆணை; 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை வழிமொழிந்தது. தலைநகரப் பகுதிக்கு மட்டும்தான். 2025 ஜூலையில் அப்படிப்பட்ட வண்டிகளுக்குப் பங்கில் எரிபொருளே தரக்கூடாது என்று தொடங்கி, சில நாளிலேயே நிறுத்திவைத்தார்கள். தமிழ்நாட்டில் அந்த வயது வரம்பு இல்லை. இங்கே சொந்த உபயோகக் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டு. உங்களுடையது 2029 மார்ச் வரை செல்லும். பிறகு தகுதிச் சோதனைக்குக் காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கிவிட்டார்கள், பசுமை வரி தனி. வாங்கும்போது இதையும் விலையில் கழிக்க வேண்டும், யாரும் கழிப்பதில்லை.

மஞ்சனத்தி சொன்ன பாதி விலை உண்மைதான், மீதிப் பாதியை அவர் சொல்லவில்லை. டெல்லி ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், இங்கே வந்து புதுப் பதிவெண் வாங்க வேண்டும், தமிழ்நாட்டு ஆயுள் வரியை வண்டியின் வயதுக்கேற்பத் திரும்பவும் கட்ட வேண்டும். டெல்லியில் கட்டிய வரியை அங்கே போய்த் திரும்பக் கேட்டு அலைவது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. லாரி வாடகை, இடைத்தரகர் இருவர், எண் மாற்றம் எல்லாம் போனால் மிஞ்சும் லாபத்துக்கு, எங்கே ஓடியது, யார் ஓட்டினார் என்று ஒன்றுமே தெரியாத வண்டி வந்து நிற்கும். விற்கும்போதும் "வெளிமாநில வண்டியா?" என்று கேட்டு விலையைக் குறைப்பார்கள்.

மஞ்சனத்தி

மைத்துனர் வண்டிக்கு இன்னும் டி.என். எண் வாங்கவில்லை. ஆறு மாதம்தான் ஆகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பாளை சர்வேயர்

சட்டப்படி வேறு மாநிலத்தில் வைத்திருக்க 12 மாதம் அவகாசம் உண்டு, அது எண் மாற்றத்துக்கு மட்டும். பெயர் மாற்றியாகிவிட்டதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த வண்டி இன்றைக்கும் டெல்லிக்காரருடையதுதான்.

டீசல் பம்ப்

விருதுநகரில் பட்டறை வைத்திருக்கிறேன். இந்த இன்ஜின்களைத் தினமும் கையாளுகிறவன் என்பதால் சத்தத்துக்குப் பதில் நான் சொல்கிறேன்.

1248 சி.சி. டீசல், ஃபியட் வடிவமைத்தது. மாருதி, டாடா, ஃபியட் மூன்றிலும் ஓடியது. 2020 ஏப்ரலில் மாருதி டீசலையே கைவிட்டுவிட்டது. ஆனாலும் உதிரி பாகம் கிடைக்காமல் எந்த வண்டியும் என் பட்டறையில் நிற்கவில்லை, அந்தப் பயம் வேண்டாம். இதில் டைமிங் பெல்ட் கிடையாது, சங்கிலி. சங்கிலியை இறுக்கிப் பிடிப்பது ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் டென்ஷனர். இரவெல்லாம் நின்றால் அதிலிருந்து ஆயில் இறங்கிவிடும், காலையில் அழுத்தம் ஏறும் வரை ஓரிரு விநாடி சலசலக்கும். அவ்வளவோடு நின்றால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். சூடான பிறகும், ஆக்சிலரேட்டரை லேசாகத் தொடும்போதும் கேட்டால் சங்கிலி நீண்டுவிட்டது. ஆயில் மாற்றாமல் இழுத்தடிக்கிறவர்கள் வண்டியில்தான் இது சீக்கிரம் வரும். சங்கிலி, டென்ஷனர், பல்சக்கரம், கூலி எல்லாம் சேர்த்தால் நல்ல தொகை. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், இன்ஜினையே இறக்க வேண்டியதுதான்.

இப்போது வெள்ளம். சர்வேயர் ஐயா நிதானமாகச் சொல்கிறார். நான் அப்படிச் சொல்லமாட்டேன். வெள்ளத்தில் நின்ற வண்டியைச் சும்மா கொடுத்தாலும் நான் வாங்கமாட்டேன். 2023 டிசம்பருக்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து வந்த வண்டிகளோடு இன்றுவரை மல்லுக்கட்டுகிறேன். ஒரு நாள் பவர் விண்டோ போகும், மறு வாரம் சென்ட்ரல் லாக் தானாக அடிக்கும், அதற்கடுத்து ஸ்டார்ட் ஆகாது. வயரை மாற்றிக் கொடுத்தால் வேறு இடத்தில் தொடங்கும். வாடிக்கையாளர் என்னைத்தான் திட்டுவார்.

இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டியது: ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள், ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. விற்பதற்கு முன்பு ஆயிலை மாற்றியிருப்பார்கள், அதனால் கறுப்பாக இருந்தால் மட்டும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து இன்ஜினை ஓடவிடுங்கள். புகை குபுகுபுவென்று அடித்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கிறது. காற்று வடிகட்டிப் பெட்டியின் அடியில் வண்டல் இருக்கிறதா? இன்டர்கூலர் குழாயைக் கழற்றினால் ஆயில் வழிகிறதா? ஐட்லிங்கில் ஒரு சிலிண்டர் தடுமாறினால் கம்ப்ரஷன் சோதனை போடாமல் பணம் கொடுக்காதீர்கள். தண்ணீர் குடித்த இன்ஜினை யாராவது ஸ்டார்ட் செய்திருந்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். லேசாக வளைந்தால் ஓடும். எத்தனை நாள் என்று யாரும் சொல்ல முடியாது.

பாளை சர்வேயர்

டீசல் பம்ப் சொன்ன கடைசி விஷயத்தில் இன்ஷூரன்ஸ் பக்கத்தையும் சேர்க்கிறேன். வண்டி தண்ணீரில் நின்றதால் வந்த சேதத்துக்குச் சாதாரண முழுக் காப்பீடு பணம் தரும். தண்ணீரில் நின்ற இன்ஜினை ஸ்டார்ட் செய்து ராடு வளைந்தால், அது நீங்களே வரவழைத்த பின்விளைவு என்று ஒதுக்கிவிடுவார்கள். இன்ஜின் பாதுகாப்பு என்று கூடுதல் உறை எடுத்தவர்களுக்கு மட்டும் அது கிடைக்கும். பழைய வண்டிக்கு அந்த உறையைப் பெரும்பாலும் தருவதில்லை, எடுப்பாரும் இல்லை. அதனால் உள்ளலங்காரம் கம்பெனி செலவில் பளிச்சென்று மாறியிருக்கும்; இன்ஜினை மட்டும் உரிமையாளர் கைக்காசில், எங்கே மலிவோ அங்கே சரிசெய்திருப்பார்.

வெள்ளம் என்றாலே ஒதுக்கு என்பதை மட்டும் நான் ஒப்பமாட்டேன். நாங்கள் தண்ணீர் ஏறிய மட்டத்தை வைத்துத்தான் கணக்குப் போடுவோம். கார்பெட் நனையும் அளவு, சீட் உட்காரும் மட்டம், டாஷ்போர்டு என்று படிப்படியாக. கார்பெட் மட்டத்தில் நின்று, உடனே இழுத்துக்கொண்டு போய்க் காயவைத்து, பேரிங், பிரேக் பார்த்த வண்டி நன்றாகவே ஓடும். விலையைக் குறைத்து வாங்கலாம். சீட்டுக்கு மேல் போனால் நானும் பட்டறைக்காரர் கட்சி. பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் மொத்த இழப்பு என்று முடித்திருப்பார்கள், அந்தப் பாலிசியும் அதோடு முடிந்திருக்கும். இங்கே அதே உரிமையாளர், தொடர்ந்த பாலிசி. எனவே அவ்வளவு தூரம் போகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். மட்டம் எது என்பதுதான் கேள்வி. சர்வே அறிக்கையின் நகல் உரிமையாளரிடம் இருந்தால் அதில் எழுதியிருக்கும்.

கரிசல்காட்டான்

இருவருக்கும் நன்றி. சனிக்கிழமை உரிமையாளர் வீட்டுக்கே போனேன். நல்ல மனிதர், துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கேட்டவுடன் மறைக்காமல் சொல்லிவிட்டார்: வெள்ளத்தில் நின்றது, இழப்பீடு வாங்கினேன், தரகரிடமும் சொன்னேன். தரகர் அதை எனக்குச் சொல்லவில்லை. "நீங்கள் கேட்கவில்லையே" என்கிறார் இப்போது.

ஓடோமீட்டர் பொய் இல்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரின் சர்வீஸ் விவரங்களை உரிமையாளர் எடுத்துக் காட்டினார். 2023 நவம்பரில் 71,000 என்று பதிவாகியிருக்கிறது. அதற்குப் பிறகு அங்கே போகவில்லை, வெளிப் பட்டறைதான்.

சாவி போட்டால் ஏ.பி.எஸ். விளக்கு எரிந்து அணைகிறது. ஏர்பேக் விளக்கு எரியவே இல்லை. சீட் பெல்ட் இரண்டும் புதியவை. சீட்டுக்கு அடியில் இருந்த இணைப்பைக் கழற்றிப் பார்த்தோம், அண்ணாச்சி சொன்ன பச்சை இருந்தது. டாஷ்போர்டின் கையுறைப் பெட்டியைக் கழற்றியபோது உள்ளே இரும்புத் தகட்டின் பாதி உயரத்தில் துருக்கோடு. இன்ஜின் சத்தம் சூடானதும் இல்லை, மூடியைத் திறந்தாலும் புகை இல்லை. டயர்கள் நான்கிலும் 2619 என்று முடிகிறது.

தரகர் 3.40-க்கு இறங்கிவிட்டார். மனம் கொஞ்சம் ஆடுகிறது. வாங்கிவிட்டு ஏர்பேக்கைச் சரிசெய்துகொள்ளலாமா?

பாளை சர்வேயர்

கையுறைப் பெட்டிக்குப் பின்னால் கோடு என்றால் தண்ணீர் சீட்டைத் தாண்டிவிட்டது. வேண்டாம்.

4.10 லட்சம் என்பதே தவறான இடத்தில் தொடங்கிய பேரம். 2025 செப்டம்பர் 22-இல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கியது. புதுக் கார் விலை குறைந்ததும் பழைய கார் விலையும் இறங்க வேண்டும். தரகர்கள் இன்னும் ஆகஸ்ட் மாத விலையையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளமே பார்க்காத 2014 இசட்.டி.ஐ.க்கு நான் 3.60 சொல்வேன். அதில் டயர் கழியும்: 2619 என்றால் 2019-ஆம் ஆண்டின் 26-ஆவது வாரம் செய்தவை, ஆறு வயது தாண்டிவிட்டது, டயரின் வெட்டுக்கோடு தேயாமல் இருந்தாலும் ரப்பர் கெட்டிருக்கும், நான்கும் மாற்ற இருபதாயிரம் வையுங்கள். 2029-இல் பதிவு முடிகிறது என்பதற்கும் ஒரு தொகை. இந்த வண்டிக்கு ஏர்பேக் பெட்டி, அதன் வயர், அடுத்து எந்த வயர் என்று தெரியாத செலவு. எவ்வளவு கழித்தாலும் எனக்கு ஒரு எண் கிடைக்கவில்லை, ஏனென்றால் களிம்பு ஏறிய வயரின் செலவு இத்தனைதான் என்று எந்த சர்வேயராலும் எழுத முடியாது. மகளும் நீங்களும் தினமும் 120 கிலோமீட்டர் நான்கு வழிச் சாலையில் போகப்போகிறீர்கள். ஏர்பேக் விளக்கைப் பிடுங்கிய வண்டி அதற்கு ஆகாது.

உரிமையாளர் நேர்மையானவர் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. அதற்கு அவரோடு ஒரு காபி குடியுங்கள்.

டீசல் பம்ப்

அண்ணாச்சி ஒருவழியாக என் பக்கம் வந்துவிட்டார்.

கரிசல்காட்டான்

விட்டுவிட்டேன். உடன் வேலை பார்க்கும் ஒருவரின் சித்தப்பா நாகலாபுரத்தில் இருக்கிறார், அவரிடம் 2015 ஸ்விஃப்ட் வி.டி.ஐ. (இசட்.டி.ஐ.க்கு அடுத்த கீழ் ரகம்) ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. முன்பே சொன்னார்கள், 1,32,000 ஓடியது என்பதால் நான் போய்ப் பார்க்கவே இல்லை. 3.45 கேட்கிறார். பாலிசியைப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்: என்.சி.பி. 50. இதற்கு ஏர்பேக் கிடையாது என்பது ஒரு குறை. எண்ணைப் பார்த்துப் பயப்படலாமா?

டீசல் பம்ப்

1,32,000-த்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆயில் மாற்றிய பில்கள் பத்தாயிரத்துக்கு ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். முதல் நாள் இரவே சொல்லி வையுங்கள், நீங்கள் போய்ச் சேரும்வரை இன்ஜினை யாரும் தொடக் கூடாது, குளிர்ந்த இன்ஜினில் சத்தம் கேட்க வேண்டும். கிளட்ச் மாற்றியாயிற்றா என்று கேளுங்கள். பெடல் கனமாகவும் மிக மேலேயும் பிடித்தால் மாற்றும் காலம். முன் சஸ்பென்ஷன் புஷ்களும் இந்த ஓட்டத்துக்குப் போயிருக்கும், அது சின்னச் செலவு. விருதுநகருக்குக் கொண்டு வந்தால் லிஃப்டில் ஏற்றிப் பார்த்துச் சொல்கிறேன்.

பாளை சர்வேயர்

ஏர்பேக் இல்லாததை முதலில் எடைபோடுங்கள். தினமும் இவ்வளவு தூரம் போகிறவருக்கு ஏர்பேக் உள்ள வண்டிக்காக இன்னும் ஒரு மாதம் காத்திருக்கலாம் என்பது என் எண்ணம். அதே ஆண்டுகளில் விருப்பத் தேர்வாக ஏர்பேக் வைத்து வந்த வி.டி.ஐ.யும் உண்டு, பின்னால் பெயருக்குப் பக்கத்தில் "ஓ" என்று இருக்கும். அவருடையது எதுவென்று ஸ்டீயரிங் நடுவில் பாருங்கள். ஏர்பேக் இருந்தால் அங்கே "ஏர்பேக்" என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும்.

எடுப்பதாக முடிவானால், 3.45-க்கு 3.20 சொல்லித் தொடங்குங்கள், தெரிந்தவர் என்பதால் கூச்சப்படாதீர்கள். பணம் வங்கி வழியாகவே போகட்டும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் அவர் கையெழுத்து, கடன் இருந்திருந்தால் படிவம் 35-உம் வங்கியின் சான்றும். இ-சலான் தளத்தில் எண்ணைப் போட்டு நிலுவை அபராதம் பாருங்கள். விற்றவர் விட்டுப்போனது வாங்கியவர் தலையில் வந்து விழும். அவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.விடம் தெரிவிக்க வேண்டும், நீங்கள் 30 நாளுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். சித்தப்பாவுக்கும் சொல்லிவையுங்கள்: ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே விபத்துக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று, எழுதிக் கொடுத்த வெள்ளைத்தாள் உதவாது. அதைக் கேட்டால் அவரே உங்களை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போவார்.

இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். மூன்றாம் நபர் பொறுப்பு தானாக உங்களோடு வரும், உங்கள் வண்டியின் சேதத்துக்கான பகுதி வராது. அந்த 50 சதவீதம் சித்தப்பாவுடையது. மீதமிருக்கும் மாதங்களுக்கு அந்தத் தள்ளுபடித் தொகையைக் கம்பெனி உங்களிடம் கேட்கும், சில ஆயிரம் ரூபாய்தான், கட்டிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நாகலாபுரம் போகும்போது ஸ்டெப்னிக் கிண்ணத்தைத் தடவ மறக்க வேண்டாம்.